கேட்க ஆள் இருந்தால் கதை வரும்

வாசகர் கேள்வி – பதில்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பேச்சுத்திறன் குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கதை சொல்லலைப் பற்றியே இருந்ததால், இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் மொழிப்பாடம் கற்பிக்கிறேன். பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதும் மாணவர்கள்கூட, எழுந்து பேசச் சொன்னால் இரண்டு வாக்கியங்களில் நின்றுவிடுகிறார்கள். கதை சொல்ல வைத்தால் பேச்சு வளரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆளுக்கொரு கதை தயாரித்து வரச் சொன்னேன். எல்லோரும் வீட்டில் மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சொல் மறந்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். தவறு எங்கே இருக்கிறது?

பதில்: சொல் மறந்தவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. வழியில் பார்த்த ஒரு சண்டையை வீட்டுக்கு வந்து சொல்லும்போது நம்மில் யாரும் ஒரு சொல் மறந்ததற்காக முதலுக்குத் திரும்புவதில்லை. அந்தச் சொல் வராவிட்டால் இன்னொன்றைப் போடுகிறோம், கையைக் காட்டுகிறோம், "அதுதான், அந்த இரும்புக் கம்பி மாதிரி இருக்குமே" என்று சுற்றி வளைத்தாவது ஆளுக்குப் புரிய வைத்துவிடுகிறோம். உங்கள் மாணவர்களிடம் அந்தச் சமாளிப்பு இல்லாமல் போனதற்குக் காரணம், அவர்கள் கதை சொல்லவே இல்லை என்பதுதான். எழுத்தில் இருந்த ஒன்றை வாய்வழியாக இறக்கி வைத்தார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த உளமொழியியல் அறிஞர் வில்லம் லெவெல்ட், பேசுதல் என்னும் செயலைப் பற்றி 1989இல் வெளியிட்ட ஆய்வில் அதனை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். என்ன சொல்லப் போகிறோம் என்று எண்ணத்தை அமைத்துக்கொள்வது முதல் கட்டம். அதற்குரிய சொற்களைத் தேர்ந்து வாக்கியமாகக் கட்டுவது இரண்டாவது. கட்டியதை ஒலியாக வெளியிடுவது மூன்றாவது. இவை ஒன்று முடிந்த பிறகுதான் மற்றொன்று என்று நடப்பதில்லை. வாய் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரே நேர உழைப்புதான் பேச்சின் கடினம். ஒப்பிப்பவருக்கு முதல் இரண்டு கட்டங்களும் வீட்டிலேயே முடிந்துவிட்டன. வகுப்பில் அவர் பழகியது மூன்றாவதை மட்டுமே. அதனால்தான் ஆண்டு முழுவதும் ஒப்பித்த மாணவரும் எதிர்பாராத ஒரு கேள்வி வந்தால் திகைத்து நிற்கிறார்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அந்தக் கதைகளை யார் கேட்டார்கள்? வகுப்பில் பாதிப் பேருக்கு அவை ஏற்கெனவே தெரியும். உங்களுக்கு எல்லாமே தெரியும். மதிப்பெண் ஏட்டைத் தவிர அந்தக் கதைக்காக யாரும் அங்கே காத்திருக்கவில்லை. கேட்பவருக்குத் தெரியாத ஒன்று சொல்பவரிடம் இருக்க வேண்டும். அது கேட்பவருக்குத் தேவைப்படவும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எந்தக் கதையும் ஒப்புவித்தலாகவே முடியும் என்பது என் அனுபவம்.

ஆகவே தேவையை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சியை ஆறு படங்களாக வரைந்து, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு படத்தைக் கொடுங்கள். யாரும் தம் படத்தைப் பிறருக்குக் காட்டக்கூடாது. பேசியே வரிசையைக் கண்டுபிடித்து முழுக் கதையையும் அமைக்க வேண்டும். படங்களில் ஒரு சிறு சிக்கலை ஒளித்து வையுங்கள். இரண்டாவது படத்தில் கிழவியின் கையில் குடை இருக்கிறது, நான்காவதில் இல்லை, ஐந்தாவதில் அதே குடை ஒரு சிறுவனிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "உன் படத்தில் குடை இருக்கிறதா?" என்ற கேள்வி யாரிடமிருந்தாவது வந்தே தீரும்; வந்ததும் மற்ற ஐவரும் தம் படத்தை மறுபடி பார்ப்பார்கள். அந்தக் கேள்வியை எந்த மாணவரும் மனப்பாடம் செய்து வந்திருக்க முடியாது. குடை கொடுக்கப்பட்டதா, திருடப்பட்டதா என்று அவர்கள் சண்டை போடத் தொடங்கினால் நீங்கள் சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொள்ளுங்கள்.

படம் வரைய நேரமில்லாதவர்கள், இருவரில் ஒருவருக்குக் கதையின் தொடக்கத்தையும் மற்றவருக்கு முடிவையும் துண்டுச் சீட்டில் கொடுத்து, நடுப்பகுதியை இருவரும் பேசி உருவாக்கச் சொல்லலாம். இதற்கு வேண்டியவை இரண்டு காகிதத் துண்டுகள்தான்.

கேள்வி: கதை என்றாலே என் மாணவர்கள் "நாங்கள் என்ன குழந்தைகளா?" என்று கேட்கிறார்கள். 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைக் கொடுப்பது?

பதில்: நரியும் காக்கையும் வரும் கதையைக் கொடுத்தால் அவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொரு கூச்சமும் இருக்கக்கூடும். வளரிளம் பருவத்தினர், எல்லோருடைய கண்ணும் தம்மீதே இருப்பதாக உணர்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் விளக்கி, அந்த இல்லாத கூட்டத்துக்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரிட்டார். ஏற்கெனவே மனத்தில் ஒரு கூட்டத்தைச் சுமந்து திரியும் பிள்ளையை உண்மையான கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, நரியைப் போல ஊளையிடச் சொன்னால், அவர் குழந்தைத்தனம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவே செய்வார்.

நடந்த நிகழ்ச்சிகளைச் சொல்ல வையுங்கள். இதில் மொழியியலாளர் வில்லியம் லபோவ் கண்டறிந்தது நமக்குப் பெரிதும் உதவும். நியூயார்க் நகர மக்களின் இயல்பான பேச்சைப் பதிவு செய்ய அவர் முயன்றபோது, ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் எல்லோரும் திருத்தமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். உயிர் போய்விடும் என்று நினைத்த ஆபத்தில் எப்போதாவது சிக்கியிருக்கிறீர்களா என்ற கேள்வியை அவர் கேட்டபோது நிலைமை மாறியது. பதில் சொல்லப் புகுந்தவர்கள் அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே மீண்டும் போய்விட்டார்கள். தம் பேச்சைத் தாமே கண்காணிப்பதை மறந்தார்கள். அவரும் யோசுவா வலெட்ஸ்கியும் 1967இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய அனுபவக் கதைகளின் அமைப்பை ஆராய்ந்தது. யார், எங்கே, எப்போது என்ற அறிமுகம், சிக்கல், அதன் தீர்வு ஆகியவை இருக்கும் என்பது நமக்கும் தெரியும். அவர்கள் அழுத்திச் சொன்னது இன்னொரு கூறு: சொல்பவர் தம் கதைக்குத் தரும் மதிப்பு. "அப்போது எனக்குக் கை கால் ஓடவில்லை", "இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது" போன்ற இடங்கள் அவை. அவை இல்லாவிட்டால் கேட்பவர் "சரி, அதனால் என்ன?" என்று கேட்டுவிடுவார். நம் மாணவர்களின் கதைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பகுதிதான். நிகழ்ச்சி இருக்கும், அது சொன்னவருக்கு என்னவாக இருந்தது என்பது இருக்காது.

ஆனால் லபோவின் கேள்வியை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த அறையில் யாருடைய வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. ஆபத்தையும் துயரத்தையும் விட்டுவிட்டு, சிறிய தவறுகளைக் கேளுங்கள்: மாறி ஏறிய பேருந்து, தவறான ஆளுக்குப் போன குறுஞ்செய்தி, தொலைந்து பின்னர்ச் சட்டைப் பையிலேயே கிடைத்த சாவி. எவரும் தம் கதைக்குப் பதிலாகப் பிறர் கதையையோ கற்பனையையோ சொல்லலாம் என்பதை விதியாகவே அறிவித்துவிடுங்கள்.

அந்த விதியிலிருந்து ஒரு விளையாட்டும் கிடைக்கிறது. நான் பல ஆண்டுகள் பயன்படுத்தியது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். நால்வர் கொண்ட குழுவில் ஒருவர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அது உண்மையோ கட்டிய கதையோ, மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் முடித்ததும் மற்ற மூவரும் மூன்று நிமிடம் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். "அப்போது மணி என்ன?", "மழை பெய்தது என்றாயே, சட்டை நனையவில்லையா?", "உன் தம்பி அப்போது எங்கே இருந்தான்?" பிறகு உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். கதை சொல்லும் இரண்டு நிமிடத்தைவிட விசாரணையின் மூன்று நிமிடம்தான் பேச்சுப் பயிற்சியாக அதிகம் பயன்பட்டது. ஏனென்றால் கதையைத் தயாரித்து வரலாம். பதிலைத் தயாரித்து வர முடியாது. முன்னுக்குப் பின் முரண்படாமல் பேச வேண்டும் என்ற கட்டாயத்தில், 'அதற்கு முன்பே', 'அந்த நேரத்தில்தான்', 'இல்லாவிட்டால்' போன்ற இணைப்புச் சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன. கேட்பவரும் கூர்ந்து கேட்டே ஆக வேண்டும். குழந்தைத்தனம் என்று சொன்ன மாணவர்கள்தான் பெரும்பாலும் இதில் முதலில் பொய் சொல்ல வருவார்கள்.

கேள்வி: என் வகுப்பில் 45 பேர், பாடவேளை 40 நிமிடம். ஒவ்வொருவரும் கதை சொல்வது எப்படி நடக்கும்?

பதில்: ஒருவர் பின் ஒருவராக என்றால் நடக்காது. வருகைப் பதிவுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்காமல் தொடங்கினாலும் ஆளுக்கு 53 வினாடிதான் கிடைக்கும். ஒருவர் பேசும்போது 44 பேர் வாய் மூடியிருப்பார்கள். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். அதற்கு அஞ்சுகிறோம் என்பதே உண்மையான தடை.

நியூசிலாந்தைச் சேர்ந்த மொழிக் கல்வி அறிஞர் பால் நேஷன் 1989இல் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட 4–3–2 முறை இதற்கு ஏற்றது. மாணவர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க வேண்டும். ஒரு வரிசையினர் தம் கதையை எதிரில் இருப்பவருக்கு நான்கு நிமிடம் சொல்கிறார்கள். பிறகு ஒரு வரிசை ஓர் அடி நகர்கிறது. புதிய ஆளுக்கு அதே கதையை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். மீண்டும் நகர்ந்து, மூன்றாவது ஆளுக்கு இரண்டு நிமிடத்தில். அதன் பிறகு மற்ற வரிசையின் முறை. மொத்தம் 18 நிமிடம்; இடம் மாறவும் சிரிக்கவும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சுப் பயிற்சி குறைந்த வகுப்பில் நான்கு நிமிடம் மலைபோலத் தெரியும்; அங்கே 3–2–1 என்று தொடங்கலாம். 45 ஒற்றைப்படை எண் என்பதால் ஓரிடத்தில் கேட்பவர் இருவராக இருக்கட்டும்.

ஒரே கதையை மூன்று முறை சொன்னால் சலிக்காதா என்று கேட்பீர்கள். ஒரே ஆளிடம் சொன்னால் சலிக்கும். ஆள் மாறுவதால் ஒவ்வொரு முறையும் அது புதிய கதையே. என்ன சொல்வது என்ற தேடல் முதல் சுற்றிலேயே முடிந்துவிடுவதால், அடுத்த சுற்றுகளில் மனம் சொல்லிலும் வாக்கியத்திலும் நிற்கிறது. நேரமும் சுருங்குவதால் தயக்கம் குறைந்து வேகம் கூடுகிறது. நெல் டி யோங், சார்லஸ் பெர்ஃபெட்டி ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளைத் திரும்பத் திரும்பப் பேசியவர்களின் சரளம் பிறகு புதிய பொருளைப் பேசும்போதும் நிலைத்திருந்தது; ஒவ்வொரு முறையும் புதுப்புதுப் பொருளைப் பேசியவர்களிடம் அது அவ்வாறு நிலைக்கவில்லை.

ஒரு குறை உண்டு. முதல் சுற்றில் செய்த பிழையையே மூன்று முறையும் சொல்லி உறுதியாக்கிக்கொள்வார்கள். சுற்றுகளுக்கு இடையே அரை நிமிடம் நிறுத்தி, பலரிடம் கேட்ட ஒரே ஒரு பிழையை மட்டும் கரும்பலகையில் எழுதித் திருத்துங்கள். சத்தத்தைப் பற்றி: பக்கத்து வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: கதையை முதலில் எழுதிக்கொண்டு பிறகு சொல்லச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். எழுதினால் படிப்பார்கள், படித்தால் ஒப்பிப்பார்கள். ஆனால் யோசிக்க நேரம் கொடுங்கள். பாலின் ஃபாஸ்டர், பீட்டர் ஸ்கீஹன் ஆகியோரின் 1996ஆம் ஆண்டு ஆய்வில், பேசுவதற்கு முன் பத்து நிமிடம் திட்டமிட்டவர்கள் கூடுதல் சரளத்துடனும் சற்றுச் சிக்கலான வாக்கியங்களிலும் பேசினார்கள். உள்ளங்கை அளவுத் தாளில் ஐந்து சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது என்று கட்டுப்பாடு வையுங்கள். வினைச்சொற்களாக எழுதச் சொல்வது என் வழக்கம்: 'ஏறினான், தூங்கினான், விழித்தான், பதறினான், சிரித்தான்'. பெயர்ச்சொற்களாக எழுதினால் கதை நகராது.

கேள்வி: பேசும்போது மாணவர் பிழை செய்தால் உடனே திருத்துவதா, முடியும்வரை பொறுப்பதா? அடிக்கடி 'வந்து... அது வந்து...' என்று இழுப்பதையாவது நிறுத்தலாம் அல்லவா?

பதில்: பொருள் மாறிவிடும் பிழையானால் கேட்பவராக நின்று கேளுங்கள்: "யார் விழுந்தது, அவனா அவளா?" இது திருத்தம் போலத் தெரியாது, ஆனால் திருத்திவிடும். மற்றவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, எல்லோரும் முடித்த பிறகு யாருடையது என்று சொல்லாமல் பொதுவாகப் பேசுங்கள். நடுவில் நிறுத்தப்பட்ட கதை மறுபடி எழுவதில்லை. நான் ஆசிரியராகச் சேர்ந்த தொடக்கத்தில் ஒரு மாணவியின் கதையில் நான்கு முறை குறுக்கிட்டேன்; நான்கும் சரியான திருத்தங்களே. அந்த ஆண்டு முழுவதும் அவர் தாமாக முன்வந்து எதையும் சொல்லவில்லை.

இழுப்பதைப் பொறுத்தவரை உங்களிடமிருந்து மாறுபடுகிறேன். தயக்க ஒலிகள் வெறும் குப்பை அல்ல, "சற்றுத் தாமதமாகும், என் பேச்சு இன்னும் முடியவில்லை" என்று கேட்பவருக்குத் தரும் அறிவிப்பு என்று ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002இல் வாதிட்டார்கள். நன்றாகப் பேசும் பெரியவர்களும் 'வந்து' போட்டுத்தான் பேசுகிறார்கள். அது வாக்கியத்துக்கு வாக்கியம் வந்தால், அந்த மாணவருக்குச் சொல் தேடும் வேலை அதிகமாக இருக்கிறது என்று பொருள். கதையை எளிதாக்குங்கள், 'வந்து'வைத் தடை செய்யாதீர்கள்.

தயங்கி நிற்கும்போது நாம் எவ்வளவு நேரம் பொறுக்கிறோம் என்பதும் கேள்விக்குரியது. கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார் என்பதை மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து காட்டினார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. முன்பு பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று வினாடி என்பது சொல்வதற்குச் சிறிது. வகுப்பில் நிற்கும்போது பெரிது. மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்குத் திக்குவாய் உண்டு. எல்லோரும் வகுப்பின் முன்னால் நின்று கதை சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் வரிசை எண் போட்டிருக்கிறார். அந்த நாள் நெருங்க நெருங்க அவன் சாப்பிடுவதே இல்லை. விலக்குக் கேட்கலாமா?

பதில்: முற்றிலும் விலக்குக் கேட்காதீர்கள் அம்மா, முறையை மாற்றக் கேளுங்கள். உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்குத் திக்கல் இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லக் கதை இல்லை என்பதில்லை. விலக்கிவிட்டால், உன் பேச்சு கேட்கத் தகுந்தது அல்ல என்ற செய்திதான் மகனுக்குப் போய்ச் சேரும்.

ஆசிரியரிடம் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள். வரிசைப்படி தன் முறைக்குக் காத்திருப்பது திக்கல் உள்ளவரின் பதற்றத்தை ஏற்றிக்கொண்டே போகும். எப்போது சொல்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். முதலில் ஒரே ஒரு நண்பனிடம் சொல்லட்டும், பிறகு நால்வரிடம். அவன் ஒரு சொல்லில் சிக்கி நிற்கும்போது அந்தச் சொல்லை வேறு யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. "மெதுவாகப் பேசு", "மூச்சை இழுத்து விடு" என்ற அறிவுரையும் வேண்டாம். அன்பாகச் சொன்னாலும் அவை அவனுடைய கவனத்தைக் கதையிலிருந்து திக்கலுக்கு இழுத்துவிடும். நான்காவது, மதிப்பெண் கதையின் பொருளுக்கும் ஒழுங்குக்கும் இருக்கட்டும், ஓட்டத்துக்கு அல்ல.

பலர் சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும். கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை வகுப்பே சேர்ந்து சொல்வதாக அமைத்தால் அவனுக்கு நடுநடுவே ஓய்வு கிடைக்கும். ஆனால் அது மருத்துவம் அல்ல. இதுவரை பேச்சுப் பயிற்சி வல்லுநரிடம் அழைத்துப் போகவில்லை என்றால் அழைத்துச் செல்லுங்கள். பத்தாம் வகுப்பு என்பது அதற்குக் காலம் கடந்த வயது அல்ல. சாப்பிடாமல் இருக்கிறான் என்பதை ஆசிரியரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வரிசை எண் போட்டவருக்கு அது தெரிந்திருக்காது.

கேள்வி: எங்கள் பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்களா?

பதில்: வள்ளுவர் சொல்வன்மையை 65ஆம் அதிகாரத்திலும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே வைத்தார். நாமோ இரண்டையும் ஒன்றாக்கி, அஞ்சாமல் முழங்குபவரைப் பேச்சுத்திறன் உள்ளவர் என்கிறோம். பரிசு பெற்ற மாணவரிடம் அவர் பேச்சின் நடுவே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தமிழ் வகுப்பில் கதை சொல்லும்போது மாணவர்கள் பேச்சு வழக்கில் சொல்லலாமா, எழுத்து வழக்கில்தான் சொல்ல வேண்டுமா? பேச்சு வழக்கை அனுமதித்தால் தேர்வில் அப்படியே எழுதிவிடுவார்களோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: ஒரு மொழிக்குள்ளேயே இரண்டு வழக்குகள் தனித்தனி வேலைகளைச் செய்யும் நிலைக்குச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் பெயர் கொடுத்து விளக்கினார்; நாம் அதனை இரட்டை வழக்கு என்கிறோம். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிட்டி மொழி ஆகிய நான்கை அவர் முதன்மைச் சான்றுகளாகக் காட்டினார். தமிழும் அந்த வகையைச் சேர்ந்ததே. இத்தகைய மொழியில் பேச்சுத்திறன் என்பது ஏதோ ஒரு வழக்கில் வல்லவராவது அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடுமாறாமல் போய்வருவதுதான்.

இதற்குக் கதையைப் போல வாய்ப்பான களம் வேறில்லை. கதைசொல்லியின் குரல் எழுத்து வழக்கில் இருக்கட்டும். பாத்திரங்கள் வாய் திறந்தால் பேச்சு வழக்கு வரட்டும். ஒரே நிகழ்ச்சியை முதலில் நண்பனிடமும், அடுத்துத் தலைமை ஆசிரியரிடமும், பிறகு வானொலிச் செய்தியாகவும் சொல்லச் செய்யலாம். "மணி அடிச்சதும் எல்லாரும் ஓடிட்டாங்க" என்பது "மணி அடித்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள்" என்று மாறும்போது எங்கெங்கே எது மாறியது என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் அஞ்சும் தேர்வுப் பிழை, பேச்சு வழக்கை அறிந்ததால் வருவது அல்ல; எல்லை தெரியாததால் 'ஓடிட்டார்கள்' என்று இரண்டையும் கலப்பதால் வருவது.

கேள்வி: கதை சொல்லலுக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? 'நன்று', 'மிக நன்று' என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

பதில்: மொழி கற்பவரின் திறனைப் படிநிலைகளாக விவரிக்கும், 2001இல் வெளியான ஐரோப்பிய மொழித்தகுதிச் சட்டகத்தில், தொடக்க நிலைக்கு அடுத்த படியில் இருப்பவர் ஒரு கதையை எளிய பட்டியலைப் போலச் சொல்வார் என்றும், அதற்கு மேற்படியில் இருப்பவர் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ச்சியுடன் ஓரளவு சரளமாகச் சொல்வார் என்றும் இருக்கிறது. பட்டியலுக்கும் தொடர்ச்சிக்கும் உள்ள இந்த வேறுபாடு மிகப் பயனுள்ளது. காணாமல் போன தவளையை ஒரு சிறுவனும் நாயும் தேடுவதாக அமைந்த, சொற்களே இல்லாத ஒரு படக்கதை 1969இல் வெளியானது. பல மொழி பேசும் குழந்தைகளிடம் அதைக் காட்டிக் கதை சொல்லச் செய்திருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் "இது பையன், இது நாய்" என்று படத்துக்குப் படம் சொன்னார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் 'தவளையைத் தேடுகிறான்' என்ற நோக்கத்தில் எல்லாப் படங்களையும் கோத்தார்கள். புதிய மொழியில் பேசத் தொடங்கும் 14 வயது மாணவரும் பல வேளைகளில் அந்தப் பட்டியலுக்கே திரும்பிவிடுகிறார். ஆகவே நான் முதலில் பார்ப்பது, கதை கோக்கப்பட்டிருக்கிறதா என்பதையே.

அடுத்தது, கேட்டவரைச் சோதிப்பது. ஒருவர் கதை சொன்ன பிறகு, கேட்ட மாணவரை அதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால் கதை போய்ச் சேர்ந்திருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை: கேட்ட கதையை மனிதர்கள் அப்படியே திருப்பிச் சொல்வதில்லை. ஃபிரெட்ரிக் பார்ட்லெட் என்னும் ஆங்கிலேய உளவியலாளர் 1932இல் காட்டியதுபோல, பழக்கமில்லாதவற்றை விட்டுவிட்டும் தமக்குப் பழக்கமானதாக மாற்றியும்தான் சொல்வார்கள். எனவே விவரம் விடுபட்டதற்குச் சொன்னவருடைய மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். முதன்மை நிகழ்ச்சியும் அதன் காரணமும் தப்பிப் பிழைத்தனவா என்று மட்டும் பாருங்கள். உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் சேர்த்து மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் நான் கொடுப்பதில்லை. இதை ஏற்காத ஆசிரியர்கள் உண்டு.

கேள்வி: மாணவர்கள் கதை சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டலாமா?

பதில்: ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள், முகம் வேண்டாம். மாணவர், பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். வகுப்புக் குழுவில் பகிரவே கூடாது. தொடக்கத்தில் ஒன்று, இரண்டு மாதம் கழித்து ஒன்று என்று இரண்டு பதிவுகள் போதும். முதல் முறை கேட்கும்போது "இது என் குரலே இல்லை" என்பார்கள். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையெலும்பின் வழியாகவும் நம் காதை அடைவதால் கனத்துக் கேட்கிறது. பதிவில் அந்தப் பகுதி இல்லை. இதைச் சொல்லிவிட்டு, சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிறகு ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: கதையில் எந்த இடத்தில் உங்கள் குரல் மாறுகிறது?